வாய்தா இரவு

வழக்கு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது.
நாகர்கோவில் போய்த் திரும்பினால்
பஸ் காசு தனி, முதுகுவலி தனி.
ஒத்தக்கடை லாட்ஜில் அறை எடுத்தேன்.
ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இருமியது.
ஜன்னல் முழுக்க யானைமலை.

டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன்
பெயர் சேவுகன் என்றான்.
“ராத்திரி ஏறுவமாண்ணே?
வெயில்ல ஏறுனா பாறை நம்மளத் தோசை சுட்டுரும்.”
முந்நூறு கேட்டான். இருநூறு என்றேன்.
வக்கீலிடம் வாய் திறக்காதவன்
இவனிடம் பேரம் பேசினேன்.

நரசிங்கம் தாண்டி
தெருவிளக்கு தீர்ந்த இடம்வரை
ஒரு நாய் எங்களைக் கொண்டுவந்து விட்டது.
செருப்பைக் கழற்றச் சொன்னான்,
இச்சி மரத்தடியில் ஜோடியாக வைத்தேன்.
டார்ச்சை அணைக்கச் சொன்னான்.
“வெளிச்சம் விழுற எடம் மட்டுந்தான் தெரியும்.
அமத்துங்க. பூராந் தெரியும்.”

கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை.
பிறகு அவன் முதுகு.
பிறகு சிமென்ட் கம்பெனி இனாமாகக் கொடுத்த பனியனில்
எழுத்துகள், ஒவ்வொன்றாக.

பாறை இன்னும் சுட்டது,
மதியத்தை யாருக்கோ எடுத்துவைத்ததைப் போல.
“இங்கிட்டுப் படி கொத்தியிருக்கும்.
கால்ல தேடுங்க, கண்ணுல தேடாதீங்க.”
கட்டைவிரலுக்கு ஒரு குழி,
குதிகாலுக்கு ஒரு குழி.
அவன் வீட்டுக்குள் நடப்பதுபோல் போனான்.
நான் நான்கு காலில்.
பக்கிக்குருவி எங்கோ இருட்டில்
ஆணி அடித்தது,
டக், டக், டக்,
நிறுத்தி, யோசித்து, மறுபடியும்.

ஓரிடத்தில் வழுக்கிவிட்டது.
ஒரு சாண்தான்.
அந்த ஒரு சாணுக்குள் அண்ணன் முகம் வந்தது,
எனக்கு நீச்சல் பழக்கக்
கிணற்று மேட்டில் கயிற்றைப் பிடித்திருந்த முகம்.
எதிர்மனுதாரர்.
சேவுகன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.
“ஒண்ணுமில்லண்ணே, பாறைதான்.”
அது எப்படி ஆறுதல் ஆனதென்று
இப்போதும் விளங்கவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டேன்,
இப்போது யானையின் எந்த இடத்தில் இருக்கிறோம்?
“மேல ஏறிட்டா யானை ஏதுண்ணே?
அது பஸ்ல போறவுகளுக்கு.”

உச்சியில் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது.
மாட்டுத்தாவணி தூங்கியிருக்கவில்லை.
நாலு வழிச் சாலையில் லாரிகள்
வெளிச்சத்தை முன்னால் தள்ளிக்கொண்டு போயின.
தூரத்தில் கோபுரம், உப்புக்கல் அளவு.

“அந்தா, உங்க கோர்ட்டு.”
சதுரமாக மஞ்சள் விளக்குகள்.
அதற்குள் எந்த அலமாரியிலோ என் கட்டு.
“என்ன கேசு?”
“அண்ணனோட. பதினொரு சென்ட்.”
ஏதாவது தத்துவம் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன்.
“வீடு ஒண்ணு தாராளமாக் கட்டலாம்ல” என்றான்.

பீடி பற்றவைக்கக் காற்று விடவில்லை.
மூன்றாவது குச்சியும் அணைந்தபின் சொன்னான்:
“அந்தப் பக்கம் ஒரு பில்டிங்குக்கு
நைட்டு வாட்ச்மேன் வேலைக்கி எழுதிப் போட்டேண்ணே.
ஓடவிட்டுப் பாத்தாங்ஙே, பாஸு.
ஒசரத்துல தள்ளிட்டாங்ஙே.
ரெண்டு சென்டிமீட்டர் பத்தலயாம்.”

இதை யானைமலையின் தலையில் நின்றுகொண்டு சொன்னான்.

சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.
ஒரு கணம் என்னையே பார்த்தவன்
கீழே பார்த்தான்,
தன் காலைப் பார்த்தான்,
பிறகு அவனும்.
பாறையில் குந்திக்கொண்டு,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
பக்கிக்குருவி ஆணியைப் பாதியில் விட்டுவிட்டது.

இறங்கும்போது கிழக்கு சாம்பல் பூத்திருந்தது.
இச்சி மரத்தடியில் ஒற்றைச் செருப்பு.
“அந்த நாய்தான்” என்றான், உறவுக்காரனைச் சொல்வதுபோல்.
முந்நூறாகக் கொடுத்தேன்.
ஒரு நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
பால் வண்டி வரும் நேரமென்று ஓடினான்.

திங்கட்கிழமை மறுபடியும் வாய்தா.
வராந்தாவின் அந்தக் கோடியில் அண்ணன்,
மருந்துப் பையோடு.
வெளியே வந்து பார்த்தால்
யானை திரும்பவும் படுத்திருந்தது, அதே இடத்தில்.
புதுச் செருப்பு கடித்தது.
பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துக் கட்டடத்தில்
வாட்ச்மேன் ஒருவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
கால் தெருவரைக்கும் நீண்டிருந்தது.
நல்ல உயரம்.