பதினெட்டில் ஒரு பங்கு

பதினேழு வருடம் கத்தினோம்,
முடியை விசிறி, ஆம்ப்பைப் பதினொன்றில் வைத்து,
பொறியியல் கல்லூரி மைதானங்களில் புழுதி கிளப்பி.
பிறகு ஓர் ஆனி மாதம் ஜெரால்டு சொன்னான்:
"கொஞ்சம் மெதுவா வாசிப்போமா? ரெகே, டப், அந்த மாதிரி."
இவ்வளவு மெதுவாக என்று நான் நினைக்கவில்லை.

பள்ளத்தூர்.
பேஸ் இறங்குவதற்கு
இதைவிடப் பொருத்தமான பெயர் ஜில்லாவிலேயே கிடையாது.
டிரம்மர் சாத்தப்பனுக்கு அங்கே ஒரு வீட்டில்
பதினெட்டில் ஒரு பங்கு.
வளவைச் சுற்றி அறைகளெல்லாம் பூட்டு;
சாவிகள் ஈப்போவில், டல்லஸில், கோவையில்,
இரண்டு கோர்ட்டில்.
பொதுவில் மிச்சம் பட்டாலையும் வௌவால்களும்.

ஹபீபா பட்டாலையில் ஸ்பீக்கரை வைத்தாள்,
வளவின் கடைக்கோடியில் மைக்கை.
முட்டைவெள்ளை தேய்த்த சுவரில்
ஒலி நிற்காமல் வழுக்கியது.
ஸ்னேரில் ஒரு தட்டு போட்டால்
அசல், வட்டி, வட்டிக்கு வட்டி.
"எங்க வீடு, சும்மாவா?" என்றான் சாத்தப்பன்.

எனக்குத் தந்த வேலை ஒரே சொல்:
சக்.
இரண்டிலும் நான்கிலும் மட்டும்.
மற்ற நேரம் கை சும்மா.
சந்தையில் கையை விட்ட பிள்ளை மாதிரி
விரல்கள் ஃப்ரெட்போர்டில் அலைந்தன.
இரண்டாம் நாள் திருட்டுத்தனமாக
ஒரு சோலோ நுழைத்தேன். பன்னிரண்டு பார்.
ஹபீபா முழுதும் கேட்டாள், தலையாட்டினாள்,
ஃபேடரைக் கீழே இழுத்தாள்.
கடைசி ஸ்வரத்தை மட்டும் விட்டுவைத்தாள்.
அது வளவைச் சுற்றியது,
சுற்றியது,
தேக்குத் தூணுக்குப் பின்னால் எங்கோ உட்கார்ந்தது.

அன்று இரவு நான் யாரோடும் பேசவில்லை.
காலையில் ஹெட்போனில் போட்டுப் பார்த்தால்
எடுத்துப்போட்ட பதினொரு பாரும் கேட்கிறது.

மூன்றாம் நாள் பூட்டு.
ஜெரால்டு அடி ஜி-யில் விழும்போதெல்லாம்
கிணிகிணிகிணி.
ஏழாவது அறை. ஈப்போ பெரியப்பாவின் பங்கு.
ஒரு பித்தளை அண்டா விஷயமாக
தொண்ணூற்று மூன்றிலிருந்து
இந்தக் குடும்பத்தோடு பேச்சில்லை.
துணி சுற்றலாம் என்றேன், பேப்பர் செருகலாம் என்றேன்.
"அவரு பூட்டு, தொடக்கூடாது."
சாத்தப்பன் போன் போட்டான், ஸ்பீக்கரில்.

"பெரியப்பா, உங்க பூட்டு ஆடுது."
...பூட்டு ஆடுது, என்றது கடல் தாண்டிப் போய்
அவன் குரலே.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
"யாரு, சாத்துவா?"
"ஆமா."
"எதுக்கு ஆடுது?"
"பாட்டுக்கு."
மறுபடி ஒன்றுமில்லை.
"ஆடட்டும். தெறக்காதே."
வைக்கப் போகும்போது, "சாப்பிட்டியா?"

ஆறு டிராக் முடித்தோம்.
சென்னையில் பழைய ரசிகர் ஒருவர்
முழுதும் கேட்டுவிட்டு, கிட்டார் எங்கே என்றார்.
இரண்டிலும் நான்கிலும் என்றேன்.

உறையில் பொடி எழுத்தில் இருக்கிறது:
பூட்டு – அரு. சோலையப்பன், ஈப்போ.
ராயல்டியில் தன் பங்கு எவ்வளவு என்று
அவர் கேட்டு எழுதியிருக்கிறார்.
அண்டாவைப் பற்றி
இன்னும் பேச்சு எழவில்லை.