இரண்டு கிலோ பச்சைக் காப்பிக்கொட்டை

திரியெஸ்தே துறைமுகத்தின் ஏழாம் கிடங்கில்
மூட்டை எண்ணுவது என் வேலை.
அறுபது கிலோ, அறுபது கிலோ, அறுபது கிலோ.
சாந்தோஸிலிருந்தும் மொம்பாசாவிலிருந்தும்
கடல் குடித்த சணலாக வந்து இறங்கும்.
எடை என்றால் என்னவென்று
எனக்குத் தெரியும் என்றிருந்தேன்.

தாதெய்க்கு ஏழு வயது.
பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில்
ஒரு நாற்காலிக் கால் தரையில் இழுபட்டால்
அவனுக்கு அது பல்லுக்குள் ஓடுகிறது.
குழல்விளக்கு பாடுகிறதாம்.
(எனக்குக் கேட்டதில்லை.
ஒரு நாள் எல்லாரும் போனபின் தனியே நின்று கேட்டேன்.
பாடத்தான் செய்கிறது.)

அந்தப் புதன்கிழமை
பொரித்த மீன் வாசனை, நாற்பது கரண்டிகள்,
யாருக்கோ பிறந்தநாள் என்று கைதட்டல்.
மேஜைக்கு அடியில் போய்விட்டவனை எடுக்க
மூன்று பேர் குனிந்தார்கள்.
மூவரும் அன்பானவர்கள்.
மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
கடித்துவிட்டான்.

'அடம்' என்றது பள்ளிக் குறிப்பேடு.
'நீ கொடுத்த இடம்' என்றான் என் அண்ணன் லிவியோ.
நான் அவனுக்குச் சொன்ன பதிலை
இங்கே எழுத மாட்டேன்.

சிகிச்சையாளர் ஓர்சோலா ஒன்றும் சொல்லவில்லை.
தரையில் உட்கார்ந்தாள்,
அவனுக்குப் பக்கவாட்டில், முகம் பார்க்காமல்,
கால்மணி நேரம்.
பிறகு என்னிடம் மட்டும், மெல்ல:
"அடங்கு என்றால் அடங்குவதற்கு
நரம்புக்குக் காது கிடையாது.
அது பக்கத்தில் இருக்கும் உடம்பைப் பார்த்துக்
காப்பியடிக்கும்.
உங்கள் தோள் எங்கே இருக்கிறது, பாருங்கள்."

காதுக்குப் பக்கத்தில் இருந்தது.
அதைக் கீழே இறக்க
எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

கிடங்கில் சிந்திய கொட்டை கணக்கில் வராது.
மேஸ்திரியிடம் கேட்டு இரண்டு கிலோ அள்ளிவந்தேன்.
சணலில் தைத்தேன். தூக்கி எறிந்தான்.
குத்துகிறது என்று அவனுக்குச் சொல்லத் தெரிந்திருந்தது,
எறிவதுதான் சொல்வது என்று
எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.
வறுத்ததைப் போட்டுப் பார்த்தேன். வாசனைக்கே வாந்தி.
கடைசியில் பச்சைக்கொட்டை,
துவைத்துத் துவைத்து மெலிந்த படுக்கைவிரிப்பில்,
தையல் மடிப்பை வெளிப்பக்கம் விட்டு.

தொடைமேல் வைத்துக்கொண்டான்.
துணிக்குள்ளேயே ஒரு கொட்டையை
இங்கிருந்து அங்கே,
அங்கிருந்து இங்கே.
"முந்நூற்றுப் பதினொன்று" என்றான் வெகுநேரம் கழித்து.
கொட்டையையா, மூச்சையா,
நான் கேட்கவில்லை.

எல்லா நாளும் பலிக்காது.
சில நாள் பைக்கும் கடி விழும்.
சில நாள் எனக்கே ஒரு மேஜைக்கடி தேவைப்படும்.

ஆசிரியை ஸ்தென்கா
பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறி
நூற்றுப்பன்னிரண்டு நாற்காலிக் கால்களுக்கு மாட்டினாள்.
இப்போது யாருமே கத்திப் பேசுவதில்லையாம்.
கத்த வேண்டியிருந்ததே நாற்காலிகளை மீறித்தான் என்று
அப்போதுதான் தெரிந்ததாம்.

பிப்ரவரியில் போரா இறங்கியது.
மலைமேலிருந்து கதவு எதையும் தட்டாமல் நுழையும் காற்று.
ஸ்கூட்டர்கள் வரிசையாகச் சாய்ந்தன,
குப்பைத்தொட்டி ஒன்று சிக்னலை மதிக்காமல் போனது.
பள்ளிக்கு விடுமுறை.
தெருமூலையில் கயிறு கட்டியிருந்தார்கள்.
ஊரே குறுகி, கண்ணை இடுக்கி,
சுவரை உரசி நடந்த அன்று
தாதெய் தானாகவே காலணி மாட்டிக்கொண்டு
கதவருகே நின்றான்.

ஒரு கையில் கயிறு, ஒரு கையில் நான்.
காற்றுமேல் சாய்ந்தான்.
விரல்கள் இல்லாமல், பேச்சு இல்லாமல்,
நெற்றி முதல் முழங்கால்வரை
ஒரே அளவாய் அழுத்தியது அது.
அவன் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன்.
தாடை தளர்ந்தது.
நடுங்கியது என் பக்கம்தான்.

"எத்தனை கிலோ?" என்றான்.

இருபது வருஷமாக எடை எண்ணுகிறவள் நான்.
தெரியலடா, என்றேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றான், எனக்கல்ல, காற்றுக்கு.
எங்களைக் கூட்டிப்போக வந்த லிவியோவின் தொப்பி
அப்போதே கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது.