பற்று வரவு

ஆம்ப்ளிஃபயருக்கு எட்டாயிரத்து நானூறு.
அந்தக் கணக்கில்தான் உடைந்தது 'துரு'.
இசையில் கருத்து வேறுபாடு என்று
கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டோம்.

தொண்ணூற்றொன்பதில் தொடங்கியது.
பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த வீடு,
தேனப்பனின் பங்காளிகள் பதினேழு பேருக்குப் பொது.
முட்டை வெள்ளை பூசிய சுவர்
எதைக் கொடுத்தாலும் இரண்டாகத் திருப்பித் தரும்.
ஜபருல்லா ஒரு தட்டு தட்டினால்
வளவுத் தூண்களெல்லாம் சேர்ந்து தட்டும்.
முதலில் புறாக்கள் போயின.
பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

தேனப்பன் கிதார். நான் பேஸ்.
பாடியது சூசைமேரி,
தேவகோட்டைக் கோயிலில் ஸ்தோத்திரம் பாடிய தொண்டை.
முதல்நாள் அவள் உறுமியபோது
மாடியில் யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள் என்று
நிமிர்ந்து பார்த்தேன்.

நாற்பது கேசட், விற்றது பதினொன்று.
ஒரே ஒரு மேடை, காரைக்குடியில் கல்லூரி விழா.
மூன்றாவது பாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் போனது.
இருட்டில் ஜபருல்லா மட்டும் நிறுத்தவில்லை,
ஏழு நிமிடம்.
இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி
அதைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு.
மொத்தம் இரண்டு பேர்.

இருபத்திரண்டு வருஷம்.
அதே வீடு இப்போது சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு.
எங்களுக்கும் மணிக்கணக்குதான்.
வாட்ச்மேன் ரசீது கிழித்துக் கொடுத்தார்:
பேண்டு செட், நாலு நபர்.

ஜபருல்லாவுக்கு இடது காது போய்விட்டது,
என் செருப்பைப் பார்த்தே தாளம் பிடிக்கிறான்.
தேனப்பன் விரல்நுனியெல்லாம்
சர்க்கரைக்குக் குத்திய புள்ளிகள்.
கம்பியை அழுத்தும்போது முகம் சுளிக்கிறான்,
காட்டிக்கொள்ள மாட்டான்.
மதியம்வரை சுருதிக்கே சண்டை.

பிறகு எப்படியோ கிளம்பியது.
இரண்டாவது சரணத்தில் நின்றாள் சூசைமேரி.
வரி வரவில்லை.
எழுதிய எனக்கும் வரவில்லை.
நிறுத்தலாம் என்று காலைத் தூக்கினேன்.
ஜபருல்லா அதையும் தாளமென்று எடுத்துக்கொண்டான்.

தேனப்பன் பைக்குள் கைவிட்டு
ஒரு நோட்டை எடுத்தான். சிவப்பு அட்டை,
பிள்ளையார் சுழி.
இத்தனை வருஷமும்
வட்டி எழுதிக்கொண்டிருந்திருக்கிறான், பாவி.
அவள் பிடுங்கினாள்.
அடிவயிற்றிலிருந்து உறுமினாள்:

குச்சி இரண்டு ஜோடி நூற்று நாற்பது
வேன் வாடகை அறுநூறு பாக்கி
ஜபருல்லா பரோட்டா பதினெட்டு
ஆம்ப்ளிஃபயர்

அந்த இடத்தில் கிதார் அலறிய அலறலில்
தொகை யாருக்கும் கேட்கவில்லை.
சுவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது,
இரண்டு தடவை சொன்னது.

வாசலில் வாட்ச்மேன் விரித்த ஐந்து விரல்:
இன்னும் அரைமணி என்றால் ஐந்நூறு.

'எழுதிக்குங்க' என்றான் தேனப்பன்.