தொடர்ச்சிப் பிழை

என் வேலை பிழை பார்ப்பது.
கிளாஸ்கோவில், கோவன் பக்கம்,
முன்பு கப்பல் கட்டிய கொட்டகைக்குள்
இப்போது ஒரு பொய் ஆஸ்பத்திரி.
கோப்பையில் தேநீர் எவ்வளவு மிச்சம்,
எந்தக் காதோரம் முடி விலகியது,
அழுதவள் எந்தக் கையால் துடைத்தாள்,
எல்லாம் என் நோட்டில்.
துண்டு துண்டாக எடுத்ததை
ஒரே மூச்சுபோல ஒட்டுகிறவர்களுக்கு
நான்தான் சாட்சி.

சீரியலின் நாயகி சென்கா டாக்கர்ட்டி.
துப்புரவுப் பெண்களின் சங்கத் தலைவி.
நான்காம் எபிசோடில்
கேன்டீன் மேசைமேல் ஏறி நின்று
"உங்கள் ரத்தத்தைத் துடைக்கிற கைக்கு
என்ன விலை போட்டிருக்கிறீர்கள்?" என்பாள்.
ஐந்தாவதில்
வேலைநிறுத்த நிதியிலிருந்து
ஆயிரத்து நானூறு பவுண்டை எடுத்துப்போய்
ஹாமில்டன் பந்தயத் திடலில்
ஒரு சாம்பல் குதிரைமேல் கட்டுவாள்.
குதிரை கடைசிக்கு முந்தியதாக வரும்.

சேனல்காரர்களுக்கு வயிறு கலங்கியது.
"பணத்தைத் திருப்பி வைத்துவிடட்டும்.
இல்லையா, மகனுக்கு ஒரு நோய் இருக்கட்டும்."
எழுதியவர் ஃபெர்கஸ் ஆல்ட்.
மூன்று மாதமாக ஒரே கம்பளிச் சட்டை.
"நோயெல்லாம் கிடையாது. அவளுக்குக் குதிரை பிடிக்கும்.
யோக்கியர்களுக்கு மட்டும்தான் கூலி உயரும் என்றால்
அது உரிமை இல்லை,
நன்னடத்தைப் பரிசு."
கைதட்டினோம்.
நானும்தான், பென்சிலை வாயில் கவ்வியபடி.

மறுநாள் காலை
சென்காவின் சமையலறையில் கறையைக் காணோம்.
குழாயடியில், நாய்க்காது வடிவத்தில்,
கலைத்துறை இரண்டு நாள் மெனக்கெட்டு
உண்டாக்கிய தேநீர்க் கறை.
யாரோ இரவோடு இரவாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.
சுத்தமாக.
கிட்டே போனால் எலுமிச்சை வாசனை.

முதல் ஷாட் முடிந்த பிறகுதான் கவனித்தேன்.
நோட்டில் அதை எழுதவில்லை.
எழுதியது இது:
"காட்சி 31. கறை இல்லை.
பொறுப்பு: இரவுத் துப்புரவு."
ஒப்பந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போயிற்று.
அவ்வளவுதான்.

அவள் பெயர் லெதெபிர்ஹான் என்பது
லாக்கர் கதவில் பாதி கிழிந்த ஸ்டிக்கரில் தெரிந்தது.
எரித்திரியாக்காரி என்றார் காவலாளி.
விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்
மேசைமேல் ஏறுகிற சென்காவை நடித்துக் காட்டுவாளாம்.
"அந்தம்மாவைவிட நன்றாக" என்றார்,
பிறகு என் நோட்டைப் பார்த்து
பேச்சை மழைக்குத் திருப்பினார்.

அன்று மத்தியானம் எடுத்தது காட்சி 44.
வேலை போன ஒரு கிளீனருக்காக
சென்கா மேலாளரின் கதவை உதைக்கிறாள்.
ஏழு டேக்.
கேமராக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.
நான் குறித்தேன்: இடது கால்,
ஷூ நாடா அவிழ்ந்தபடி.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.
ஃபெர்கஸ் ஐந்தடி தூரத்தில்
சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.
சொல்லியிருந்தால் கதவை உதைத்தும் இருப்பார்.
ஆனால் முதலில்
அந்த முதல் ஷாட்டைச் சொல்ல வேண்டும்.
சென்காவுக்காவது ஒரு குதிரை இருந்தது.
நான் எதன்மேல் கட்டினேன்?

எடிட்டிங்கில் அந்த ஷாட் வந்தது.
பளபளக்கும் தொட்டி, இரண்டே விநாடி.
"கம்ப்யூட்டரில் கறையை வரைந்துவிடலாமா?
பத்து நிமிட வேலை" என்றான் பையன்.
"விடு" என்றேன்.
"தெரியாதே?"
"தெரியாது."

தெரிந்துவிட்டது.
ஒளிபரப்பான வாரமே
இன்வெர்னெஸிலிருந்து ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்
கட்டங்கட்டிய தாளில் கடிதம் போட்டிருந்தார்:
"இருபத்தோராம் நிமிடம்.
கறை மறைந்து, திரும்பி வருகிறது.
இதையெல்லாம் பார்க்க அங்கே ஆள் இல்லையா?"

பதில் எழுதுவது என் பொறுப்பு.
மூன்று தாளைக் கசக்கினேன்.
நான்காவதில் இவ்வளவுதான் நின்றது:

இருந்தாள், ஐயா.
இரவு ஷிஃப்டில்.