இரண்டு கட்டை கீழே

புளியரை செக்போஸ்ட். மழை.
வைக்கோல் லாரிகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம்.
ஸ்டெல்லாவும் தயாபரனும்
இருபத்தாறு வருடம் பேசாமல் இருந்துவிட்டுச்
சேர்ந்து பாடிய ஆல்பம் ஓடியது.
சுருதி இரண்டு கட்டை இறங்கியிருந்தது.
அவருக்கு எட்டாத இடத்தை
அவள் எட்டிப் பிடிக்கவில்லை,
காலியாகவே விட்டாள்.
வைப்பர் மட்டும் போய்வந்தது.

ஹாஸ்டலில் இவர்களைச் சீனிப்பாகு என்று
சிரித்தவன் நான்.

எஸ் வளைவு ஏறும்போது
பழையதைத் தேடிப் போட்டேன்.
மலிவான கீபோர்டு, அசட்டுக் கைத்தட்டல்.
மூன்றாம் பாட்டில், சரணத்துக்கு முன்
அவள் மூச்சிழுக்கிறாள்.
அவர் காத்திருக்கிறார்.
அப்போதே.

ஆரியங்காவில் கண்ணாடியைத் தட்டி
"டிக்கியில் எந்தா?" என்றார் காவலர்.
காலிதான் சார், என்றேன்.
குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.