ஒரு மீட்டர் சட்டம்

பி.வி.சி. குழாயை வெட்டி ஒட்டிய சதுரம்.
பக்கத்துக்கு ஒரு மீட்டர்.
நடத்துநர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.

மாட்டுத்தாவணிக்குப் பின்னால்
கண்ணை மூடிக்கொண்டு வீசினேன்.
விழுந்த இடத்தில் உள்ளதை எண்ண வேண்டும்.
பார்த்தீனியம் நாற்பத்தொன்று.
கிணற்றடிப்பூண்டு பதினாறு.
பிஸ்கட் உறை ஒன்று; படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

கப்பலூர், தொழிற்பேட்டைச் சுவரோரம்:
பார்த்தீனியம் முப்பத்தெட்டு.
பழங்காநத்தத்தில்
நான் குனியும் முன்பே பென்சில் எழுதத் தொடங்கியது.

பச்சை குறைந்துவிட்டதென்று சொல்ல முடியாது.
பச்சைதான்.
ஒரே ஆள் எல்லா வாசலிலும் நின்று
பன்னீர் தெளிக்கிற மாதிரி.

வண்டியூர்க் கண்மாயின் மேல்கரைக்கு
எண்பத்து நாலில் யாரோ எழுதிய பட்டியல் கையில் இருக்கிறது.
அறுபத்திரண்டு பெயர்.
ஓரிதழ்தாமரைக்கு நேரே
இரண்டு முறை அழுத்திய டிக்.
அந்த இடம் இன்று மண்டபத்தின் கார் நிறுத்தம், 'பி' வரிசை.

காவலாளி ஒச்சப்பன் வந்து எட்டிப் பார்த்தார்.
"என்ன சார், எதையும் தொலைச்சிட்டீகளா?"
இல்லை என்றுதான் சொன்னேன்.
அவரும் கூடவே தேட ஆரம்பித்துவிட்டார்.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
சிமென்ட் வெடிப்பில்
நகத்தளவு இளஞ்சிவப்பு, ஒற்றை இதழ்.
"இதுங்களா?"

சதுரம் ஆறடி தள்ளிக் கிடந்தது.
வெளியே இருப்பதை எண்ணக் கூடாது.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்ட இன்னோவா ஒன்று
பின்வாக்கில் வந்தது.
ஒச்சப்பன் விசிலை வாயில் வைத்து
வெடிப்பின் மேல் கால் அகட்டி நின்றார்.
வரட்டும், வரட்டும்,
போதும்.