ஜாமீன் தேவையில்லை

எங்கள் முதல் ஆல்பத்தை
விளக்குக் கம்பங்களில் வெளியிட்டோம்.

மஞ்சள் தாள், கறுப்பு எழுத்து:
அவசரப் பணமா? ஜாமீன் தேவையில்லை. உடனே அழைக்கவும்.
கீழே ஒரு கைப்பேசி எண்.
கோலாலம்பூரில் இதை உடுத்தாத கம்பம் ஏது?
வட்டிக்காரன் தாளைப் போலவே அச்சடித்தோம்.
அழைத்தால் பணம் வராது,
பாட்டு வரும்.

யோசனை கோக் லியோங்குடையது.
பேஸ் வாசிப்பவன். அதிகம் பேசமாட்டான்,
பேசினால் செலவு வைப்பான்.
புடுவில் பழைய நோக்கியா எட்டு வாங்கினோம்,
பாட்டுக்கு ஒன்று.
செந்தூல் அடுக்குமாடியில், பதினோராம் மாடியில்,
யுகேஸ்வரியின் டிரம் செட்டுக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவே
எட்டையும் வரிசையாக வைத்து
முறை போட்டு உட்கார்ந்தோம்.
மணி அடித்தால் எடு, பாட்டைப் போடு.
பேசக்கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

எட்டு மாதம் எந்த வானொலியும் பிரிக்காத உறை.
முதல் நாளே நூற்று நாற்பது அழைப்பு!
பெரும்பாலும் ஆறு வினாடி.
ஒருவர் தாயைச் சேர்த்துத் திட்டினார்.
ஒருவர் பொறுமையாக,
"இது எந்த பேங்க்குங்க?" என்றார்.
மூன்றாம் நாள் ஒரு கல்லூரிப் பையன்
கம்பத்தைப் படமெடுத்துப் போட,
போன்கள் மேசையில் தவளைகளாய்க் குதித்தன.
'ஈரச் சிமெண்ட்' என்ற எங்கள் பெயரை
யார் யாரோ சரியாக உச்சரித்தார்கள்.
யுகா எல்லாருக்கும் ரொட்டி சானாய் வாங்கினாள்.
அதைத் தின்று முடிக்கும்வரை
நாங்கள் பிரபலமாக இருந்தோம்.

அன்றிரவு இரண்டு மணி.
என் முறை.
நான்காம் எண் அடித்தது.

நான்காவதுதான் நீளம், ஏழு நிமிடம்.
அதில் மூன்று நிமிடம் கிட்டார் மட்டும்,
வெட்டச் சொல்லி எல்லாரும் சொன்ன மூன்று நிமிடம்.
அவர் வைக்கவில்லை.
லாரியின் சிக்னல் விளக்கு
டிக் டிக்கென்று கேட்டது, தாளத்தோடு சேராமல்.
மூச்சு கேட்டது.
பாட்டு முடிந்தது.

"ஹலோ, பாஸ்?
பாட்டு முடிஞ்சிருச்சு. இப்ப பேசலாமா?

மூவாயிரம் வெள்ளி போதும், பாஸ்.
பொண்ணுக்குப் புதன்கிழமைக்குள்ள காலேஜில கட்டணும்.
அடையாள அட்டை, சம்பளச் சீட்டு
எல்லாம் கையிலயே இருக்கு."

என் விரல் தானாகப் போய்
பாட்டை மறுபடி போட்டது.

மறுபடியும் ஏழு நிமிடம்
அவர் காத்திருந்தார்.

எந்த மேடையிலும் எங்களை
அப்படி யாரும் கேட்டதில்லை.

காலையில் சொன்னேன்.
யுகா குச்சிகளைக் கீழே வைத்தாள்.
கோக் லியோங் பணப்பெட்டியை எண்ணினான்:
நானூற்று இருபது. அதுவும் வாடகைக்கு.
அந்த எண்ணுக்கு அழைத்தோம்.
அணைத்து வைத்திருந்தார், அன்றும், வியாழனும்.

பிறகு பிளேடும் வாளியுமாய்
ஜாலான் ஈப்போ முழுக்க இறங்கினோம்.
கம்பத்தைச் சுரண்டினால்
எங்கள் தாளுக்கு அடியிலிருந்து
அசல் ஆள் எட்டிப் பார்த்தான்,
அவன் எண் ஓரெழுத்தும் கலையாமல்.
ஒட்டும்போது கவனிக்கவேயில்லை.
யார் மேல் ஒட்டினோம்,
யாரை மறைத்துவைத்திருந்தோம்!
வாளித் தண்ணீர் வெயிலில் சூடாகும்வரை
மூவரும் நின்றோம், உரிப்பதா விடுவதா என்று.

அவனை மூடியிருந்ததை மட்டும் விட்டுவிட்டோம்.

அதனால் இன்னும் மணி அடிக்கிறது.
இப்போதெல்லாம் எடுத்ததுமே சொல்லிவிடுகிறேன்:
பணம் இல்லைங்க, நாங்க வெறும் பாட்டுக்காரங்க.
திட்டிவிட்டு வைக்கிறார்கள்.
சிலர் திட்டாமல் வைக்கிறார்கள், அது மோசம்.

ஏழு போன்களை விற்றாயிற்று.
எண்களை எல்லாம் நான்காவதற்கே திருப்பிவிட்டு,
இரவில் அதை
தலைமாட்டில் சார்ஜில் போட்டுவைக்கிறேன்.